குளிர்ச்சியில் வளர்வது

மழை விட்ட காலை. கடல் இன்னும் தெளியவில்லை. கண்மாய்கள் நிறைந்து, வாய்க்கால் வழியாக வந்து விழுந்த செம்மண் தண்ணீர் கரையோரம் தேநீர் நிறத்தில் நின்றது.

அந்த நிறத்தின் விளிம்பில் ஒரு முதுகு. கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி. பாசி படர்ந்து, கொட்டலசுச் சிப்பி ஒட்டி, பாதி மணலில், பாதி தண்ணீரில்.

வெயில் ஏற ஏற முதுகின் ஈரம் காய்ந்தது. காய்ந்த இடம் சாம்பல் பூத்தது. தலை ஒன்று மெதுவாக உயர்ந்தது. வாய் திறந்தது. மூச்சை வாங்கிக்கொண்டு மறுபடி மணலில் சாய்ந்தது.

பேராமை.

வத்தை என்கிற சின்னப் படகை நோக்கிப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றார்கள். கரையேறிக் கிடக்கும் ஆமையை அந்த ஊரில் யாரும் அப்படியே விட்டுப் போவதில்லை. கடலுக்குள் தள்ளிவிட வேண்டும். அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் படகில் கால் வைப்பது.

தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முழங்கால் தண்ணீர் வரை, இடுப்புத் தண்ணீர் வரை.

“போ தாயி, போ. இங்க என்ன கெடக்கு ஒனக்கு? நாங்களே இங்கேருந்து அங்க போறோம்” என்றாள் இருளாயி. கூட்டத்தில் ஒருத்தியான பூமயிலின் புருசனுக்கு அக்கா. வத்தையில் அவள் சொல்வதுதான் சட்டம்.

ஆமை போனது. பெண்கள் போனார்கள்.

மறுநாள் காலை அதே இடத்தில் அதே முதுகு.

“இதென்னடி, புகுந்த வீடு பிடிக்காத பிள்ளை மாதிரி திரும்பித் திரும்பி வருது” என்றாள் இருளாயி. சிரித்தார்கள். மறுபடியும் தள்ளினார்கள். பூமயில் மட்டும் இடது கையால் தள்ளினாள். இருளாயி அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.



பூமயிலின் வலது கை. ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் ஒரு முடிச்சு.

ஆவணியில் வந்தது. கடலடியில், பாறைத் திட்டான பாரில் கை வழுக்கி, அங்கே ஒட்டியிருந்த சிப்பி கிழித்த இடம். கிழிசல் ஆறியது. ஆறிய இடம் பிறகு வீங்கியது. சிவந்தது. நாவல்பழத் தோலின் நிறத்துக்கு வந்து நின்றது.

வலி பெரிதாக இல்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. வலிக்கிற புண்ணை அவளுக்குத் தெரியும். வலிக்காமல் வளர்கிற புண்ணை அவள் பார்த்ததில்லை.

பிறகு புறங்கையில் ஒன்று. பிறகு மணிக்கட்டுக்கு மேலே ஒன்று. ஏதோ ஒன்று அவள் கைக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தது. நடந்தது. நின்றது. இளைப்பாறியது. மறுபடி நடந்தது.

அந்தக் கையில்தான் அடுப்பு எரிந்தது. புருசன் கேரளாவில் விசைப்படகு வேலை. அந்த ஊர் மழைக்கும், இங்கே கல்யாணத்துக்கும் வருவான். மற்ற நாளெல்லாம் வீடு அவள் மூச்சில் நடந்தது.

தீவைச் சுற்றியுள்ள பாரில் மரிக்கொழுந்துப் பாசி வளரும். கல்லைப் பிடித்துக்கொண்டு வளரும். கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி, மூச்சைப் பிடித்து உள்ளே போய், கிள்ளி எடுக்க வேண்டும். விரலுக்குத் துணி சுற்றியிருப்பார்கள். துணி சுற்றிய அந்த விரல்தான் அரிவாள். ஆள்காட்டி விரல் இல்லாதவளுக்குப் பாசி வராது.

டவுன் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேறு மாத்திரை. ஊசி. அதற்கும் கேட்கவில்லை. “மேல ஏறிக்கிட்டே இருக்கும்மா. இப்படியே போனா வெரலை எடுக்க வேண்டி வரும்” என்றார் டாக்டர். நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

முதல் நாளே அவர் கேட்டிருந்தார், என்ன குத்தியது என்று.

கருவேல முள்ளு, என்று சொல்லியிருந்தாள்.

யோசித்துச் சொன்னதில்லை. அந்த ஊர்ப் பெண்கள் யாருக்கும் அந்தப் பதில் தானாக வரும். பாசி கிடைப்பது தீவுப் பக்கம். தீவுப் பக்கம் போகத் தடை. அதனால் வெளியாள் யார் கேட்டாலும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாலும், கணக்கெடுக்க வந்தவர் கேட்டாலும், பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டாலும், விறகு வெட்டுகிறோம். கையில் என்ன காயம்? கருவேல முள்ளு. பேசப் பழகும்போதே பிள்ளைகள் அதையும் சேர்த்துப் பழகிவிடும்.

ஆக, முள்ளுக்கு வைத்தியம் நடந்தது. முள் ஏறாத கைக்கு.

“நல்லா உப்புத்தண்ணில முக்கு. அதைவிடவா ஒரு மருந்து?” என்றாள் இருளாயி. பூமயிலும் முக்கினாள். தினமும், வெயில் தாழ்கிற வரைக்கும்.



அடுத்த நாள் விரலில் துணி சுற்ற முடியவில்லை. அவ்வளவு வீக்கம். வத்தை அவளை விட்டுப் போனது.

கரையில் அவள். அவளுக்குக் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் அந்த முதுகு.

தனி ஆளாக அதைத் தள்ள முடியாது. அதனால்தான் உட்கார்ந்து பார்த்தாள். தள்ள முடிந்திருந்தால் பார்த்திருக்க மாட்டாள்.

நீர் ஏறியது. அலை வந்து ஆமையைத் தூக்கியது. தூக்கியதும் அது இடப்பக்கமாகச் சாய்ந்தது. ஒரு பக்கம் மட்டும் பாசி மூட்டை ஏற்றிய வத்தை மாதிரி. அடுத்த அலைக்கும் அப்படியே. அதற்கடுத்த அலைக்கும்.

மிதந்துவிட்டது. இப்போது போகலாம். யாரும் பிடிக்கவில்லை. கடல் முழுவதும் அதற்கு முன்னால் திறந்து கிடந்தது.

போகவில்லை. ஒற்றைத் துடுப்பை அடித்து அடித்து, சுற்றி வந்து, மணலில் மோதி ஏறியது. தலையைத் தூக்கியது. மூச்சு. சாய்ந்தது.

பூமயில் எழுந்து நின்றுவிட்டாள்.

இது வழி தவறி வரவில்லை. வர வேண்டும் என்றே வருகிறது. ஏன்?

மூச்சைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஆழத்திலிருந்து மேலே வருகிற அந்தக் கடைசிச் சாண் தூரம் எவ்வளவு நீளம் என்று தெரியும். காய்ச்சலோடு முங்கிய நாளில் அது இன்னும் நீளும். மணலில் கிடந்தால் மூச்சுக்காக மேலே வர வேண்டாம். தலையைத் தூக்கினால் போதும்.

அதற்கு உடம்பு முடியவில்லை. முங்காமல் இருக்கக் கரைக்கு வந்திருக்கிறது. அதைத்தான் இவர்கள் தோள் கொடுத்து, கும்பிட்டு, முங்கு முங்கு என்று அனுப்பியிருக்கிறார்கள்.

கோணிச்சாக்கை நனைத்து அதன் மேல் போட்டாள். போடும்போது கிட்டத்தில் பார்த்தாள். வலது துடுப்பின் மடிப்பில் ஒரு கயிறு. எப்போதோ அறுந்த வலையின் துண்டு. இறுகி, சதைக்குள் இறங்கி, சதை அதன் மேல் மூடியிருந்தது. அந்த இடத்திலிருந்து முடிச்சு முடிச்சாக வீக்கம். துடுப்பில் ஒன்று. தோளில் ஒன்று. கழுத்தில் ஒன்று.

நாவல்பழத் தோலின் நிறம்.

தன் விரலைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தாள். தொடவில்லை. பக்கத்தில் வைத்து, வெயிலில், வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.



வனக்காவலர் மூக்கூரானின் நம்பர் ஊரில் எல்லாப் பெண்களின் போனிலும் இருக்கும். எந்த அழைப்பை எடுக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டுமே. அந்த நம்பருக்கு இங்கிருந்து யாரும் கூப்பிட்டதில்லை.

“சார், ஆமை ஒண்ணு சீக்கா கெடக்கு.”

“யாரு பேசறது?”

“கரையில நிக்கிறவ.”

“கரையில நிக்கிறவளுக்குப் பேரு இல்லையா?”

“ஆமைக்கு வாங்க சார். என் பேரு எதுக்கு?”

ஜீப் வந்தது. மூக்கூரானோடு ஒரு பெண் இறங்கினாள். கால்நடை மருத்துவர் அஸ்மா. பூமயில் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றி ஜீப்பில் போட்டுவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டே மணலில் ஓடி வந்தாள்.

மண்டியிட்டாள். ஆமையின் கண்ணைப் பார்த்தாள். வாயைப் பார்த்தாள். முதுகு ஓட்டில் காதை வைத்துக் கேட்டாள். அவள் கேட்பதைப் பார்த்த பூமயிலுக்கும் காது வைக்க வேண்டும் போல இருந்தது.

“தண்ணித் தொட்டியில வெச்சுப் பார்க்கலாம். தூக்கணும்” என்றாள் அஸ்மா.

தூக்க ஆள் தேடினார்கள். அதற்குள் தலை ஒருமுறை உயர்ந்தது. வாங்கியது. இறங்கியது. அடுத்த தடவை அது உயர்வதற்காக எல்லோரும் காத்து நின்றார்கள்.

அலை வந்து போனது. வந்து போனது.

தலை உயரவில்லை.



கரையிலேயே அறுத்துப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அங்கேயே புதைக்க வேண்டும். அதுதான் முறை. வத்தை திரும்பியிருந்தது. இறங்கிய பெண்கள் ஈரப் புடவையோடு சுற்றி நின்றார்கள்.

“நாங்க ரெண்டு தடவை தள்ளி விட்டோம்மா” என்றாள் இருளாயி. குரல் இறங்கியிருந்தது.

“இனிமே தள்ளாதீங்க. நல்லா இருக்கிற ஆமை முட்டை போட ராத்திரியில வரும், தானாப் போயிடும். பகல்ல வந்து கெடந்தா சீக்குன்னு அர்த்தம். எங்களைக் கூப்பிடுங்க.” அஸ்மா கத்தியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “கையில காயம், வெட்டு இருக்கிறவங்க தள்ளி நில்லுங்க. உள்ள இருக்கிற கிருமி மனுசங்களுக்கும் ஒட்டும்.”

கூட்டம் மொத்தமும் ஓரடி பின்னால் போனது.

காயமில்லாத கை அங்கே யாருக்கு இருக்கிறது? போன பிறகுதான் உறைத்தது, தங்கள் வேலை என்னவென்று எல்லோரும் காலாலேயே சொல்லிவிட்டதாக. மூக்கூரான் வானத்தில் போகும் நாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் நாரை இல்லை.

பூமயில் மட்டும் போகவில்லை. முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுக்குப் பார்க்க வேண்டும்.

அடி ஓடு திறந்தது. நாற்றம் வந்தது. பெண்கள் முகத்தைத் திருப்பினார்கள். அவள் குனிந்தாள்.

நுரையீரல் என்று அஸ்மா காட்டியது ஓட்டின் உள்பக்கம் ஒட்டிக் கிடந்தது. வலப்பக்கம் இளஞ்சிவப்பாக, நுரை மாதிரி. இடப்பக்கம் அப்படி இல்லை. வேகாத ஜவ்வரிசியைக் கொட்டி வைத்த மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமாக, குருணை குருணையாக. கத்தி பட்ட இடத்தில் நறநறவென்றது.

“அதான் ஒரு பக்கமாச் சாஞ்சுதா?” என்று கேட்டாள்.

அஸ்மா நிமிர்ந்து பார்த்தாள். “சாஞ்சுதா? எந்தப் பக்கம்?”

“எடது. அலை தூக்கும்போதெல்லாம்.”

“சரிதான். இந்தப் பக்கம் காத்து ஏறலை.”

“இது என்னது இதெல்லாம்? புழுவா?”

“இல்ல. கிருமி. கண்ணுக்குத் தெரியாதது. அது உள்ள வந்ததும் உடம்பு சுத்திச் சுவர் கட்டும். இது ஒவ்வொண்ணும் ஒரு சுவர். கட்டிக் கட்டிக் கடைசில மூச்சுக்கு இடமில்லாமப் போச்சு.”

“கயிறு அறுத்த இடத்துல நுழைஞ்சுதா?”

“அப்படித்தான் இருக்கும். கடல்ல எப்பவும் இருக்கிறதுதான் இது. நல்லா இருக்கிற ஆமையை ஒண்ணும் பண்ணாது. காயம், பட்டினி, மழைக்குளிர் எல்லாம் சேர்ந்தா வழி கெடைக்கும்.”

பூமயில் முந்தானையை அவிழ்த்தாள். கையை நீட்டினாள்.

அஸ்மா பழைய கையுறையைக் கழற்றினாள். கை கழுவினாள். புதிது மாட்டினாள். அதற்கப்புறம்தான் அந்த விரலைத் தொட்டாள். விரலிலிருந்து புறங்கைக்கு, புறங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு, ஒவ்வொரு முடிச்சாகத் தடவிக்கொண்டே போனாள்.

“என்ன குத்துச்சு?”

சுற்றி நின்றவர்கள் மூக்கூரானைப் பார்த்தார்கள்.

பதில் நாக்கில் தயாராக வந்து நின்றது. எப்போதும் போல. இருளாயி அவளையே பார்த்தாள். பக்கத்தில் காக்கிச் சட்டை. சொன்னால் அவள் ஒருத்தியோடு போகாது. வத்தைக்கே வினை. தீவுப் பக்கம் தலை காட்ட முடியாமல் ஆகலாம். சொல்லாவிட்டால் விரல்.

ஜவ்வரிசியைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

“சிப்பி கிழிச்சுது. தீவுப் பாருல. மரிக்கொழுந்து எடுக்கையில.”

“ஏடி...” என்றாள் இருளாயி.

கடற்காற்று மணலை வாரி அடித்தது.

“இந்தக் காத்துல எனக்கு ஒண்ணும் விழலை” என்றார் மூக்கூரான். “நீங்க பேசுங்க டாக்டரம்மா.” இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பினார். “அதுக்காக நாளைக்கு வத்தையைத் தீவுகிட்ட பார்த்தேன்னா பிடிப்பேன். அது வேற.”

“அது வேறதான் சார்” என்றாள் இருளாயி. “இதுக்கு முன்னாடி மட்டும் சும்மாவா விட்டீங்க?”



நான் மாட்டு டாக்டர், உங்கள் கைக்கு வைத்தியம் பார்க்க எனக்கு உரிமை இல்லை, என்றாள் அஸ்மா. யாரிடம் போக வேண்டும் என்பது தெரியும். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர். தானே போன் செய்து சொல்வதாகச் சொன்னாள்.

“ஆனா கடல்ல வேலைன்னு நீங்களும் மறக்காமச் சொல்லணும். சொல்லலைன்னா, எடுத்த சதையை உடம்புச் சூட்டுல வெச்சு வளர்த்துப் பார்ப்பாங்க. ஒண்ணும் வளராது. ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுவாங்க. இது சூட்டுல வளராது. குளிர்ச்சியில வளர்றது.”

குளிர்ச்சியில் வளர்வது.

அந்தச் சொல்லோடு வீட்டுக்குப் போனாள். உலை வைத்தாள். அரிசி கொதித்தது. சொல் ஆறவில்லை.

ஆமைக்கு நம்மைப் போல் உடம்புச் சூடு கிடையாது, மீனுக்கும் கிடையாது, அதனால் அங்கே அதற்கு வசதி, என்று சொல்லியிருந்தாள் அஸ்மா. மனிதன் என்றால் ஓரம் பார்த்துத்தான் இருக்கும். விரல். முழங்கை. மூக்கு நுனி. நடு உடம்பின் சூடு அதற்கு ஆகாது.

விரலை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். விரல் குளிர்ந்திருந்தது. அக்குளில் வைத்தாள். அங்கே சூடு. காது மடலைத் தொட்டாள். குளிர்ச்சி. மூக்கு நுனி. குளிர்ச்சி. முழங்கால் சில்லு. குளிர்ச்சி. இத்தனை நாள் சுமந்து திரிந்த உடம்பில் இப்படி மேடும் பள்ளமுமாகச் சூடு கிடப்பது இப்போதுதான் தெரிந்தது.

உடம்புக்குள் கரை இருக்கிறது. கடலும் இருக்கிறது. வந்தது கரையோரமாகவே நடக்கிறது.

பெரியாஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, விரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். தோல் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். கடல்ல பாசி எடுக்கிறேன், என்றாள். வெளியாளிடம் அதைச் சொல்கிறபோது வாய் கூசியது. அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை.

வாரக்கணக்காகும் என்றார்கள். மெதுவாகத்தான் வளருமாம்.

மார்கழி மழை பெய்தது. விட்டது. பெய்தது. முழங்கை மடிப்புக்குக் கொஞ்சம் கீழே புதிதாக ஒன்று கையில் தட்டுப்பட்டது. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பாள். நேற்றைவிடப் பெரிதா? அதேதானா? கிளினிக் டாக்டர் சொன்ன சொல் பாத்திரம் கழுவும்போது வரும். தலை வாரும்போது வரும். விரலை எடுக்க வேண்டி வரும். விரல் இல்லாமல் எப்படி வாருவது என்று ஒருநாள் வாரிப் பார்த்தாள். வார முடிந்தது. பாசி கிள்ள முடியுமா என்று துவரைச் செடியில் கிள்ளிப் பார்த்தாள். முடியவில்லை.

அதற்கு நடுவே இன்னொன்றும் வரும். எங்கோ ஒரு அறையில், ஒரு பெட்டிக்குள், குளிர்ச்சியில், அவள் விரலின் துணுக்கு இருக்கிறது. வேறொரு ஊரில், வேறொரு பெட்டியில், ஆமையின் துணுக்கு. இரண்டுக்கும் யாரோ தீனி வைத்துக் காத்திருக்கிறார்கள். அது என்ன தின்னும்?

போன் போட்டே கேட்டுவிட்டாள். “முட்டை” என்றாள் அஸ்மா. “முட்டையை அடிச்சு, அதுல உப்பெல்லாம் கலந்து, கெட்டியாக்கி வைப்பாங்க.”

“எங்க வீட்டுல முட்டைக் கொழம்பு வெச்சு மாசமாச்சு. அதுக்கு வேளா வேளைக்கு முட்டையா?”

அஸ்மா சிரித்தது நெடுநேரம் கேட்டது.

“அம்மா, ஆமைகிட்டருந்து எனக்கு வந்துச்சா? இல்ல, என்கிட்டருந்து அதுக்குப் போச்சா?”

“ரெண்டும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே தண்ணில இருந்தீங்க. ரெண்டு பேருக்கும் தோல் கிழிஞ்சுது.”



தை பிறந்து, வெயில் தெளிந்த ஒரு நாள் கூப்பிட்டார்கள். துணைக்கு இருளாயி வந்தாள். அஸ்மாவும் வந்திருந்தாள், கையில் சிறிய பெட்டியோடு.

வளர்ந்திருந்தது. பெட்டியின் குளிர்ச்சியில், வெளிச்சம் பட்டதும் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறியதாம். அவளுடையதும். ஆமையுடையதும்.

“நான் பார்க்கலாமா?” என்றாள்.

ஆய்வகத்துக்காரர் தோல் டாக்டரைப் பார்த்தார். தோல் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை மூடச் சொன்னார்கள். மூடினாள். முதலில் தன் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம். வட்டமான வெளிச்சம். பிறகு நீலம்.

நீலம். முங்கிக் கண் திறந்ததும் வருகிற நீலம் போல. அதற்குள் சிவப்பாகச் சின்னச் சின்னக் கீற்றுகள். நறுக்கிப் போட்ட சிவப்பு நூல். சில தனியாக. சில கூட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து. சத்தமில்லை. அசைவில்லை. இத்தனை சின்னதா என் கையில் நடந்தது என்று நினைத்தாள். இதற்குக் கால் இல்லை. கண் இல்லை. இதற்கு நான் யார் என்றே தெரியாது.

அஸ்மா பெட்டியிலிருந்து இன்னொரு கண்ணாடித் துண்டை எடுத்து வைத்தாள். நீலம். சிவப்புக் கீற்றுகள்.

“எது என்னுது?” என்று கேட்டாள்.

“இப்பப் பாக்கிறது ஆமையோடது” என்றார் ஆய்வகத்துக்காரர். “மாத்தி வெச்சா எங்களுக்கே தெரியாதும்மா.”

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. இருளாயிக்குப் பொறுக்கவில்லை. “என்னடி அப்படிப் பாக்கிறே, சினிமாவா ஓடுது? எனக்கும் காட்டு” என்று பிடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்தாள். தப்பான கண்ணை மூடினாள். “ஒண்ணையும் காணோம்” என்றாள்.

தோல் டாக்டர் சொன்னார். “இது காசநோய்க் கிருமிக்குப் பங்காளி.”

இருளாயி புடவையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். “ஒட்டுமா சார்?”

“ஆள்கிட்டருந்து ஆளுக்கு ஒட்டாது.”

“பங்காளின்னா சும்மா இருக்க மாட்டானே?”

“சும்மா இருக்க வைக்க மாத்திரை இருக்கு.” பூமயில் பக்கம் திரும்பினார். “வெரலை எடுக்க வேண்டாம். எலும்புக்கு இன்னும் போகலை. ஆனா மாசக்கணக்கா சாப்பிடணும். ஒருநாளும் விடக் கூடாது. அதுவரைக்கும் கடல்ல கை வைக்கக் கூடாது.”

வெரலை எடுக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவர் சொன்னது காதில் விழுந்தது, இறங்கவில்லை. பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான், கடல்ல கை வைக்கக் கூடாது என்பது மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.



மாத்திரை சிறுநீரைச் செம்மஞ்சளாக்கியது. முதல் நாள் பயந்து போனாள். வெங்காயம் உரித்த அன்று கண்ணீரும் அதே நிறம். முந்தானையில் துடைத்த இடம் மஞ்சள் தொட்ட மாதிரி ஆனது. அழுதால் சேலை கெட்டுப்போகும் என்று சிரித்துக்கொண்டாள்.

மாசி. பங்குனி. தண்ணீர் தெளிந்து, பாசி செழித்து, பார் முழுவதும் பச்சையாக இருக்கும் மாதங்கள். வத்தை போகும். அவள் கரையில் நிற்பாள். வேலை நேரத்துக் கடலைக் கரையிலிருந்து பார்த்துப் பழக்கமில்லை. இவ்வளவு பெரிதா இது? உள்ளே இருந்தால் கை எட்டும் தூரம்தான் கடல்.

“சும்மா குந்தித் திங்காதே. வந்து பாசி காய வையி” என்றாள் இருளாயி. அவள் கொடுக்கிற முறை அதுதான். கையில் ரப்பர் உறை மாட்டி, வத்தை கொண்டு வந்த பாசியை மணலில் விரித்தாள். கல் பொறுக்கினாள். சிப்பி பொறுக்கினாள். கூலி குறைவு. கருவாடும் கஞ்சியுமாக ஓடியது. புருசன் போனில், கையைக் காட்டு காட்டு என்பான். காட்டுவாள். தெரியலையே என்பான். அதுதான் நல்லது என்பாள்.

கேள்விகள் மட்டும் குறையவில்லை. நண்டுக்கு வருமா? நாரைக்கு வருமா? கல்லிலும் இருக்குமா? அஸ்மாவுக்குத் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். தெரியாது என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருக்கும். அது பூமயிலுக்குப் பிடிக்கும்.

ஒருநாள் இருளாயி கையை நீட்டினாள். உள்ளங்கையில் பழைய வெட்டு, ஓரம் சிவந்து. “பாருடி. இதுவும் அதுவா?” அடுத்த நாள் இன்னொருத்தி. டவுனுக்குப் போனார்கள். போய், என்ன வேலை என்று கேட்டால் கடல் என்றார்கள். இருளாயி சொல்லும்போது மட்டும் வாசற்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாளாம், காக்கிச் சட்டை நிற்கிறதா என்று. அவளுக்கு அது இல்லை. வெறும் வெட்டு.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வந்தது. மணலை வாரி வீட்டுக்குள் கொட்டியது. முழங்கையிலிருந்த முடிச்சு சுருங்கியது. பிறகு மணிக்கட்டுக்கு மேலிருந்தது. பிறகு புறங்கையிலிருந்தது. வந்த வழியே திரும்பி நடப்பது போல, அவசரமில்லாமல். விரலில் இருந்தது கடைசி வரை அடம் பிடித்தது. பிறகு அதுவும் தட்டையாகி, வெந்த தோல் நிறத்தில் ஒரு தழும்பாகப் படுத்துக்கொண்டது.

தோல் டாக்டர் விரலை மடக்கச் சொன்னார். முக்கால் மடங்கியது. அங்கே நின்றது.

“மாத்திரை போதும். கடலுக்குப் போகலாம். ஆனா வெரல் இவ்வளவுதான் வரும்” என்றார்.

ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை அவளுக்குப் பிடித்தது.



புரட்டாசி. கச்சான் அடங்கிவிட்டது. அடுத்த மழைக்கு முன்னால் கடல் ஒருமுறை தெளியும். அந்தத் தெளிவு.

வத்தை நின்றது. இந்த முறை தீவை விட்டுத் தள்ளி, வெளிப்பாரில். பாசி குறைவுதான். மூக்கூரான் பார்த்தாலும், இது தீவுகிட்ட இல்லை. அது வேற.

பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குதித்தார்கள். பூமயில் உட்கார்ந்து விரலுக்கு ரப்பர் மாட்டினாள். அதன் மேல் துணி சுற்றினாள்.

“மடங்குதாடி?” என்றாள் இருளாயி, தண்ணீரிலிருந்து.

“முக்காவாசி.”

“மிச்சத்தை நீட்டிக்கிட்டே என்னைய நல்லாத் திட்டு. முங்கு சீக்கிரம்.”

குதித்தாள்.

குளிர்ச்சி முதலில் விரலில்தான் ஏறியது. பிறகு காது மடல். பிறகு மூக்கு நுனி. ஒவ்வொரு இடமாக, அவள் எண்ணி வைத்திருந்த அதே ஓரங்களில். தண்ணீர் எங்கும் நீலம். இதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கண்ணைத் திறந்தாள்.

பாரின் முகட்டில் மரிக்கொழுந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு. கை போனது. ஆள்காட்டி விரல் முழுசாக மடங்கவில்லை. முக்காலில் நின்றுவிட்டது. பெருவிரலும் நடுவிரலும் சேர்ந்து கிள்ளிப் பார்த்தன. வழுக்கியது. இன்னொருமுறை. வழுக்கியது.

மூச்சு இருந்தது. அவசரமில்லை.

மறுபடி கிள்ளினாள். வேரோடு அசைந்து, ஒரு பிடி, கைக்கு வந்தது.